வேலியைத் தின்ற விரல்

அத்தியாயம் 6

டாக்டர் லுத்ஃபியின் கம்பெனி மூன்றாம் மாடியில் இருந்தது. கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. ஆனால் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று அதன் கதவில் ஒட்டிய காகிதமே மஞ்சளாகிச் சுருண்டு, யாராவது அதைப் பழுது பார்த்தால் தேவலை என்ற நிலைக்கு வந்துவிட்டது.

"கெய்ரோவுல ரெண்டு விஷயம் மேல போகவே போகாது மதாம்," என்றான் சப்ரி, இரண்டாம் மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு. "ஒண்ணு லிஃப்ட். இன்னொண்ணு என் மச்சான்."

"வாயில இருக்கிற எள் மிட்டாய முழுங்கிட்டு ஏறு. மூச்சுக்கு வழி கிடைக்கும்," என்றாள் மிர்வத், நிற்காமல்.

மதாம் மிர்வத் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வெகுகாலம் புலன்விசாரணை செய்தவள். எரியாத கிடங்குக்கு இழப்பீடு கேட்டவர்கள், தங்கள் இறப்புச் சான்றிதழைத் தாங்களே நேரில் கொண்டுவந்து கொடுத்தவர்கள் என்று பலரையும் பார்த்ததில், மனித குலத்தின் மேல் அவளுக்கு ஒரு நிதானமான பிரியம் ஏற்பட்டிருந்தது. இப்போது கெய்ரோவின் தோக்கிப் பகுதியில் சொந்தத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். அதன் ஒரே உதவியாளன் சப்ரி. முன்பு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். ரிப்பேர் நன்றாகத்தான் செய்வான். வாடிக்கையாளரிடம் பேசி முடித்த பிறகு நேரம் இருந்தால்.

விவகாரம் இதுதான். ஹாஜி பர்ஹாமின் மிட்டாய்க் கடைகளுக்கு ஆர்டர் எடுக்கும் மென்பொருள் டாக்டர் லுத்ஃபியின் கம்பெனி செய்து கொடுத்தது. மீலாது நபி நெருங்கிவிட்டது. கெய்ரோவில் எந்த வீடும் சர்க்கரைப் பொம்மையும் கடலை மிட்டாயும் இல்லாமல் மீலாதைக் கழிக்காது. இந்த நேரம் பார்த்து, நேற்றுக் காலை, முன்பதிவு ஆர்டர்கள் அத்தனையும் ஒரே நொடியில் அழிந்தன. எடுத்து வைத்த நகல் போன மாதத்தது. அதில் இருந்தவர்கள் வாங்கித் தின்று முடித்துவிட்டார்கள். ஹாஜியின் கடை வாசலில் ஊரே நின்று, "அஞ்சு கிலோ சொல்லி வச்சேன், அல்லாஹ் சாட்சி!" என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது. ஒரு கிலோ சொன்னவர் ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை.

ஹாஜி பணம் கேட்கவில்லை. ஒரே ஒரு பெயரைக் கேட்டார். யார் அழித்தது? இன்று இரவு இஷா தொழுகைக்கு முன் சொல்ல வேண்டும்.

டாக்டர் லுத்ஃபியிடம் பெயர் தயாராக இருந்தது: யும்னா. பழைய ஆர்டர்களை எப்படி அழிப்பது என்ற செய்முறைப் பக்கத்தை எழுதியது அவள். அந்தப் பக்கத்தில் கடைசித் திருத்தமும் அவள் பெயரில்தான் பதிவாகியிருந்தது. சாயங்காலம் எல்லோரையும் கூட்டி, கேமராவை வைத்து, கண்கலங்க அவளை வேலையை விட்டு நீக்குவதாகத் திட்டம். நடுவில் 'சுயேச்சை விசாரணை' என்று ஒன்று நடந்தால் காணொளி கம்பீரமாக இருக்குமே என்று, கல்யாணத்துக்கு மேளம் சொல்லி வைப்பதுபோல மிர்வத்தைச் சொல்லி வைத்திருந்தார்.

ஹாஜியின் வாயில் விழுந்த பெயர் ஊர் முழுக்கப் போகும். அதன் பிறகு யும்னாவுக்கு இந்த ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்?

யும்னா தன் மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. அழுதிருக்கிறாள் என்று கண் சொன்னது. அழ மாட்டேன் என்று தாடை சொன்னது.

"நீ பண்ணியாம்மா?" என்றாள் மிர்வத்.

"இல்ல மதாம். ஆனா நான்தான்னு மெஷின் சொல்லுது."

"மெஷின் சொல்றது இருக்கட்டும். பக்கத்தைக் காட்டு."

யும்னா திரையைத் திருப்பினாள். சப்ரி குனிந்து பார்த்தான். பைஜாமாவை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவனைப் பார்த்ததுபோல அவன் முகம் மலர்ந்தது.

"அடடா! உள்ள இருக்க வேண்டியது வெளிய, வெளிய இருக்க வேண்டியது உள்ள!"

"புரியற மாதிரி சொல்லு," என்றாள் மிர்வத்.

"இது மார்க்டவுன் மதாம். சாதாரணமா எழுதிக்கிட்டே போவோம், அங்கங்க சின்னக் குறி போடுவோம். வரி ஆரம்பத்துல ஹாஷ் குறி போட்டா அந்த வரி தலைப்பாயிடும். ஹாஷ் மறைஞ்சிடும், எழுத்து யானை மாதிரி பெருசா நிக்கும்."

"சரி."

"ஆனா கட்டளை எழுதறப்போ அதுக்குள்ளயும் ஹாஷ் வரும். அங்க அதுக்கு வேற வேலை. 'இந்த வரியை ஓட்டாதே, தூங்கட்டும்'னு அர்த்தம். மெஷின் குழம்பிடக் கூடாதில்ல? அதுக்குத்தான் வேலி. கட்டளைக்கு மேல மூணு பேக்டிக், கீழ மூணு பேக்டிக். விசைப்பலகைல ஒண்ணாம் நம்பருக்கு இடப்பக்கம் ஈ உக்காந்த மாதிரி ஒரு சின்னக் கீறல் இருக்கே, அதுதான். அந்த வேலிக்குள்ள இருக்கிறதை யாரும் தொட மாட்டாங்க. மிட்டாய்ப் பொம்மையை அட்டைப்பெட்டில போட்டு மூடின மாதிரி. எழுதினது எழுதினபடியே இருக்கும்."

"என் பக்கத்துல ரெண்டே கட்டளை," என்றாள் யும்னா. "முதல் வரி, பழைய ஆர்டரை மட்டும் அழிக்கும். ரெண்டாவது எல்லாத்தையும் அழிச்சிடும். ஒரு கடையையே மூடினாதான் அது வேணும். அதனால ஹாஷ் போட்டுத் தூங்க வச்சிருந்தேன். இப்ப மேல் வேலியக் காணோம்."

வேலி போனதும் ஹாஷ் மறைந்தது. தூங்கிக்கொண்டிருந்த வரி எழுந்து, பக்கத்திலேயே பெரிய தலைப்பாக நின்றது: 'நடப்பு ஆர்டர் அனைத்தையும் அழி.' புதிதாகச் சேர்ந்த ஆபரேட்டர் ஹனஃபி, இவ்வளவு பெரிதாக எழுதியிருந்தால் இவ்வளவு முக்கியமாகத்தான் இருக்கும் என்று நம்பி, அதைப் பயபக்தியோடு நகலெடுத்து ஓட்டிவிட்டான்.

"அவனைக் குத்தம் சொல்ல முடியாது," என்றான் சப்ரி. "தலைப்பை மட்டும் படிச்சிட்டுப் பேப்பரை மடிச்சு வைக்கிறவங்கதான் இந்த ஊர்ல பாதிப் பேரு."

"கீழே சாம்பல் கலர் பெட்டிக்குள்ள என்னமோ இருக்கே?"

"அதுதான் வேடிக்கை மதாம். கீழ் வேலி மட்டும் அனாதையா நிக்குது. மேல ஜோடி இல்லாததால, தான்தான் ஆரம்பம்னு நினைச்சுக்கிச்சு. அதுக்குக் கீழ இருந்ததெல்லாம் பெட்டிக்குள்ள போயிடுச்சு."

பெட்டிக்குள் போனது, எல்லாப் பக்கங்களின் அடியிலும் கட்டாயமாக இடம்பெறும் பொன்மொழி: 'தலைவன் விசைகளைத் தொடுவதில்லை, மனங்களைத் தொடுகிறான் — டாக்டர் லுத்ஃபி.'

"கட்டளை தெருவுல நிக்குது. பொன்மொழி பத்திரமா இருக்கு," என்றான் சப்ரி. "நாட்டு நடப்பு."

யும்னா அடியில் இருக்கும் மூல எழுத்தைத் திறந்து காட்டினாள். மேல் வேலி இருக்க வேண்டிய இடம் காலியாக இல்லை. அங்கே வளைந்த கொக்கி போல ஓர் எழுத்து, தலையில் ஒரு புள்ளி. அதுபோல மூன்று. அரபியின் 'தால்'.

சப்ரி விசைப்பலகையைத் தட்டிக் காட்டினான். "ரெண்டும் ஒரே விசைதான் மதாம். இங்கிலீஷ்ல இருந்தா பேக்டிக். அரபிக்கு மாத்தி வச்சிருந்தா தால். யாரோ வேலியை அழிச்சிட்டுத் திரும்ப அடிச்சிருக்காங்க. அரபில இருக்குன்னு பார்க்காம."

மிர்வத் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இந்த மெஷின்ல அரபில அடிக்கிறது யாரு?"

"நான்தான்," என்றாள் யும்னா, குரல் இறங்கி. "அம்மாவுக்கு மெசேஜ் அனுப்புவேன்."

"நேத்து முன்தினம் மத்தியானம், திருத்தம் நடந்த நேரத்துல எங்க இருந்தே?"

"எல்லாருக்கும் சாப்பிடக் கோஷரி வாங்கக் கீழ போயிருந்தேன். மெஷினைப் பூட்டாமப் போயிட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கிறேன்."

"சாட்சி?"

"கோஷரிக் கடைக்காரர்."

"அவரு யாருக்கு வேணும்னாலும் சாட்சி சொல்வாரு," என்றான் சப்ரி. "கூட ஒரு பிளேட் சாப்பிட்டா பாதிரியாரைக் கூட்டிட்டு வந்து சத்தியமும் பண்ணுவாரு."

கட்டளைக்கு மேலே அரபியில் ஒரு வரி இருந்தது. கம்பெனியின் ஒவ்வொரு பக்கமும் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று போன வாரம் உத்தரவு வந்ததாம்: 'டாக்டர், பொறியாளர், ஆலோசகர் லுத்ஃபி அவர்களின் மேலான ஆதரவில்.' கேபிள் இழுப்பது எப்படி என்ற பக்கம்கூட அவருடைய மேலான ஆதரவில்தான் இருந்தது.

"மத்த பக்கத்துக்கெல்லாம் நான்தான் போட்டேன்," என்றாள் யும்னா. "இதுல மட்டும் போடல. கட்டளை இருக்கிற பக்கமாச்சே, எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். ஆனா பாருங்க, இருக்கு."

மிர்வத் அந்த வரியைப் படித்தாள். பிறகு இன்னொரு பக்கத்தைத் திறக்கச் சொல்லி அதையும் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சப்ரிக்கு அது பழக்கம்தான். மதாமின் முகத்தில் ஏதாவது தெரிந்தால்தான் பயப்பட வேண்டும்.

"யும்னாவோட இடத்துக்கு வர ஆசைப்படறவங்க யாராவது உண்டா?"

"என் இடத்துக்கு யாரும் வர மாட்டாங்க. நான் போகணும்னு ஆசைப்படறவர் அந்த ரூம்ல இருக்கார்."

அந்த அறையில் இருந்தவர் ஷாதி. குழுத் தலைவர். தன்தா என்ற உள்நாட்டு ஊரில் பிறந்து, தன்தாவில் படித்து, அங்கிருந்து நேராகக் கெய்ரோ வந்தவர். ஆனால் அவருடைய ஆங்கில உச்சரிப்பு மட்டும் நடுவில் எங்கோ கப்பலேறி, கடல் கடந்து போய்விட்டு வந்திருந்தது.

"அரபி விசையா?" ஷாதி சிரித்தார். "மன்னிக்கணும், என் மெஷின்ல அரபியே கிடையாது. எனக்கு அது வராது."

"பால்காரருக்கு எப்படி மெசேஜ் அனுப்புவீங்க பாஷா?" என்றான் சப்ரி.

"அரபியையே இங்கிலீஷ் எழுத்துல. இங்கிலீஷ்ல இல்லாத எழுத்துக்கு நம்பர் போட்டு."

"அவருக்குப் புரியுமா?"

"...தயிர் வந்துடுது."

மிர்வத் அவரை யும்னாவின் மேஜைக்கு அழைத்துப் போய், அவருடைய பெயரையே அரபியில் அடிக்கச் சொன்னாள். ஷாதி விசைகளின் மேல் கோழி தானியம் தேடுவதுபோலத் தேடினார். முதல் எழுத்து கிடைத்தது. கடைசி எழுத்து கிடைக்குமுன் யும்னாவுக்கே பாவமாகி விசையைச் சுட்டிக் காட்டினாள். இந்த வேகத்தில் அந்த ஆதரவு வரியை அடித்திருந்தால், கோஷரி ஆறிப் புளித்திருக்கும்.

"அவரோட பந்தாவே அவருக்கு ஜாமீன்," என்று சப்ரி முணுமுணுத்தான். அவனுக்கு வருத்தம்தான். ஷாதி குற்றவாளியாக இருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்!

"கடைசியா ஒண்ணு," என்றாள் மிர்வத், இருவரையும் பார்த்து. "பேக்டிக் அடிக்கிறீங்க, தால் வந்து விழுது. என்ன பண்ணுவீங்க?"

"திட்டுவேன்," என்றாள் யும்னா.

"திட்டிட்டு, அழிச்சிட்டு, மாத்தி அடிப்பேன்," என்றார் ஷாதி. முதல் முறையாகச் சுத்தமான தன்தா அரபியில். "தினம் நடக்கிறதுதானே? இந்த ஆபீஸ்ல எல்லாரும் தாலைத் திட்டிக்கிட்டேதான் இருப்பாங்க."

மிர்வத் எழுந்தாள். சப்ரி அவள் பின்னால் நடைவழிக்கு ஓடினான்.

"மதாம், நிலைமை மோசம். ஷாதி இல்லைன்னா அந்தப் பொண்ணுதான்னு ஆயிடுமே!"

"யோசிச்சுப் பாரு சப்ரி. தப்பா அடிச்சது பெரிய விஷயமில்ல, எல்லாரும்தான் அடிக்கிறாங்க. அடிச்சிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்களே, அதுதான் விஷயம். மூணு தால் கண்ணு முன்னால நிக்குது, 'சரியாத்தான் இருக்கு'ன்னு எழுந்து போக எந்தப் பொறியாளருக்கு மனசு வரும்?"

சப்ரி நடைவழியை மேலும் கீழும் பார்த்தான். "அப்ப... டீ கொண்டு வர்ற கமீஸ் மாமாவா?"

"கமீஸ் மாமா எதுக்கு மேலான ஆதரவுல வரி எழுதணும்? வா, டாக்டரைப் பார்த்து வாழ்த்துச் சொல்லிட்டு வருவோம்."

"எதுக்கு வாழ்த்து?"

"வரவேற்பறைல பார்க்கலையா? புதுசாப் பட்டயம் மாட்டியிருக்கே."

டாக்டர் லுத்ஃபியின் அறையில் சுவர் என்று ஒன்று இருந்தது என்பதை நம்பித்தான் ஆக வேண்டும், பார்க்க முடியாது. அவ்வளவு சான்றிதழ்கள். மனிதர் நல்ல உயரம், நல்ல கோட்டு, நல்ல குரல். டாக்டர் பட்டம் மட்டும் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் பருவநிலையைப் பற்றிப் பேசுவார்.

"நல்லெண்ணத் தூதர்!" என்றாள் மிர்வத், கையைக் கூப்பாத குறையாக. "உலக அளவுல ஏதோ மன்றமாமே. ஆபீஸ் முழுக்க இதே பேச்சு. முன்னாடியே தெரியுமா எல்லாருக்கும்?"

"யாருக்குமே தெரியாது மதாம்!" டாக்டர் குளிர்ந்துபோனார். "போன வாரமே கடிதம் வந்துடுச்சு. என் மனைவிகிட்டக்கூடச் சொல்லல. இன்னைக்குக் காலைல எல்லார் முன்னாலயும் பட்டயப் பெட்டியைப் பிரிக்கிற வரைக்கும் இந்த நெஞ்சுக்குள்ளயே பூட்டி வச்சிருந்தேன்."

"எவ்வளவு கட்டுப்பாடு!"

"தலைமைன்னா அதுதானே."

"விசாரணை முடிஞ்ச மாதிரிதான் டாக்டர். உங்க காணொளில ஒண்ணே ஒண்ணு குறையுது. தீர்ப்பு சொல்றதுக்கு முன்னால, அந்தப் பக்கத்தோட நல்ல நகல்ல, நீங்களே உங்க கையால, பெரிய திரைல, ஆதரவு வரியை எழுதினா? புதுப் பட்டத்தோட?"

"நான் விசையைத் தொடறதில்லையே. பத்து வருஷமாச்சு."

"அதனாலதான் சொல்றேன். தொட்டா அது வரலாறு."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். வரலாறு அவருக்குள் இறங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது.

சாயங்காலம் அலுவலகமே பெரிய திரையின் முன் கூடியது. முக்காலியில் கேமரா நின்றது. யும்னா சுவரோரம் நின்றாள்; அவளுடைய நாற்காலியில் டாக்டர் லுத்ஃபி உட்கார்ந்தார். திரையில் இடப்பக்கம் மூல எழுத்து, வலப்பக்கம் பக்கம் எப்படித் தெரியும் என்பது. யும்னா மீட்டு வைத்த நகலில் மேலும் கீழும் வேலி ஒழுங்காக இருந்தது. கட்டளைகள் சாம்பல் பெட்டிக்குள் சமர்த்தாக இருந்தன.

டாக்டர் அரபிக்கு மாற்றினார். விரல் தடுமாறவே இல்லை. ஒற்றை விரல்தான், ஆனால் தன் பட்டங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அதற்கு மனப்பாடம். டாக்டர், பொறியாளர், ஆலோசகர், தூதர் லுத்ஃபி அவர்களின் மேலான ஆதரவில்.

எழுதி முடித்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பெயருக்கும் கீழே உள்ள எழுத்துக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகம் என்று பட்டது. அழிக்கும் விசையைத் தட்டினார். இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு தட்டு. இடைவெளியோடு கீழே இருந்த மூன்று கீறலும் போய்விட்டன.

ஓரக்கண்ணால் இருபுறமும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று முடிவு செய்தார். நூறு கண்கள் கவனித்துக்கொண்டிருந்தன. விசைப்பலகையைத் துழாவி, கீறல் போட்ட விசையைக் கண்டுபிடித்து, டக், டக், டக் என்று தட்டினார்.

மூன்று தால்.

வலப்பக்கம் பெட்டி உடைந்தது. கூரைக்கும் தரைக்குமாகத் தலைப்பு எழுந்தது: நடப்பு ஆர்டர் அனைத்தையும் அழி.

அறையில் ஒரு மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. டாக்டர் மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூணு எழுத்து எதுக்கு டாக்டர்?" என்றாள் மிர்வத் மெதுவாக.

"அதுவா? ஏதோ மூணு கோடு இருந்தது மதாம். கை பட்டு அழிஞ்சிடுச்சு, திருப்பிப் போட்டுட்டேன். அரபில அடிச்சா அரபில வருது, இங்கிலீஷ்ல அடிச்சா இங்கிலீஷ்ல வருது. மூணு இருந்தது, மூணு போட்டாச்சு. கணக்கு சரி."

"போன தடவை போட்டப்பவும் கணக்கு சரியா இருந்ததா?"

சிரிப்பு அதே இடத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த டாக்டர் மட்டும் காணாமல் போனார்.

"போன தடவைன்னா?"

மிர்வத் யும்னாவிடம் தலையசைத்தாள். உடைந்துபோன அசல் பக்கம் திரைக்கு வந்தது.

"நேத்து முன்தினம் மத்தியானம், யும்னா மெஷினைப் பூட்டாமக் கீழ போனப்ப எழுதின வரி இது. எல்லாரும் படிங்க. மத்த பக்கத்துல எல்லாம் மூணு பட்டம்தான் இருக்கு. இதுல மட்டும் நாலு. 'தூதர்'னு ஒண்ணு கூட. அந்தப் பட்டயப் பெட்டியைப் பிரிச்சதே இன்னைக்குக் காலைலதான். யும்னாவுக்குத் தெரியாது, ஷாதிக்குத் தெரியாது. டாக்டரோட மனைவிக்கும் தெரியாதாம், அவரே சொன்னார். அப்ப நேத்து முன்தினம் அதை யாரு எழுதியிருக்க முடியும்?"

"ஜின், பூதம் ஏதாவதா இருக்கலாம்," என்றான் சப்ரி. "ஆனா அதுக்கு இவ்வளவு விளம்பர ஆசை இருக்காது."

யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்ற முயல, இரண்டும் சேர்ந்து வந்தது.

டாக்டர் லுத்ஃபி கோட்டைச் சரிசெய்தார். தலைமைப் பண்பு பற்றி அவர் ஆற்றிய உரைகளெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே? இரண்டு கைகளையும் விரித்தார்.

"யும்னா... மகளே... நான் உன்னை மன்னிச்சுட்டேன்!"

பழக்க தோஷத்தில் பின்வரிசையில் இருவர் கைதட்டி, பாதியில் நிறுத்தினார்கள்.

யும்னா சுவரை விட்டு முன்னால் வந்தாள். "மெஷினைப் பூட்டாம போனேன். அதுக்கு மன்னிப்பு நானே கேட்டுக்கிறேன் டாக்டர். மத்தது என்னோடது இல்ல. ஹாஜி லைன்ல இருக்கார். ஒரு பெயர் கேட்டிருக்கார்." தொலைபேசியை மேஜையில் வைத்து ஒலிபெருக்கியை அமுக்கினாள்.

"யாருப்பா அது?" என்றது ஹாஜியின் குரல், பின்னணியில் அஞ்சு கிலோச் சத்தியங்களோடு.

டாக்டர் ஆங்கிலத்தில் தொடங்கினார். அருமையான வாக்கியம். அதில் ஒரு தவறு நேர்ந்திருந்தது, ஒரு பாடம் கற்கப்பட்டிருந்தது, ஒரு செயல்முறை மேம்படுத்தப்படவிருந்தது. ஆள் மட்டும் இல்லை.

"அரபில சொல்லுங்க டாக்டர்," என்றாள் யும்னா. "ஹாஜிக்கு இங்கிலீஷ் வராது."

டாக்டர் கேமராவைப் பார்த்தார். கேமராவுக்குப் பின்னால் நின்றவன் அதை நிறுத்த வேண்டும் என்று நினைத்ததாகத் தெரியவில்லை. ஷாதியைப் பார்த்தார். ஷாதி கூரையைப் பார்த்தார்.

"நான்... லுத்ஃபி. நான்தான் அழிச்சேன் ஹாஜி. கை பட்டுடுச்சு."

ஹாஜி சத்தியக் கூட்டத்தை ஓர் அதட்டல் போட்டு அடக்கினார்.

"டாக்டர் லுத்ஃபியா?"

"வெறும் லுத்ஃபி."

"சரிதான் போ," என்றார் ஹாஜி. "நானும் ஒரு தடவை சர்க்கரைக்குப் பதிலா உப்பைக் கொட்டினவன்தான். சத்தியம் பண்றவன்லாம் என் கடையையே தூக்கிட்டுப் போறதுக்குள்ள ஆர்டரைத் திரும்ப எடுத்துக் குடு. நல்லாத் தெரிஞ்ச ஆளாப் போடு."

இந்த முறை கைதட்டல் முன்வரிசையில் ஆரம்பித்தது. யாரும் சைகை காட்டவில்லை. அதனால் கொஞ்சம் தாளம் தப்பி, ஆனால் வெகுநேரம் கேட்டது. தட்டியவர்களில் ஷாதியும் இருந்தார் என்பதைச் சப்ரி மனதில் குறித்துக்கொண்டான்.

டாக்டர் லுத்ஃபி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். யும்னா அவர் பக்கத்தில் போய் நின்றாள். கோபம் இல்லை, அவசரம் இருந்தது.

"எழுந்திருங்க டாக்டர்," என்றாள். "அது என் நாற்காலி."

அவர் எழுந்தார்.